தொப்பையின் மீதான விசாரணை

அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் ரயில்களை யாரும் பொம்மை என்று சொல்வதில்லை. அப்படியொரு விதியை எவரும் எழுதி ஒட்டியதில்லை. வேலைக்குச் சேர்பவர்களிடம் சொன்னதும் இல்லை. ஆனால் வண்டி கவிழ்ந்தால் ‘இன்று அவனுக்கு மனசு சரியில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும், ஓட்டியது யார் என்று கேட்கக் கூடாது என்பது ஒரே வாரத்தில் எல்லாருக்கும் புரிந்துவிடும். அங்கே தயாரானது குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர். இந்த வழக்கத்தின் பயனாக ஒன்பது ஆண்டுகளில் ஒரு மனிதர்கூடத் திட்டு வாங்கியதில்லை. திட்டெல்லாம் வண்டிகளுக்கே போய்ச் சேர்ந்தது.

அண்மையில் அதிகம் வாங்கியவன் தொப்பை. முழங்கை நீளமே உள்ள மஞ்சள் எஞ்சின். கொதிகலன் முன்னால் பிதுங்கியிருந்ததால் அந்தப் பெயர். பாலத்துக்கு முந்தைய வளைவில் மூன்று வாரங்களில் மூன்று முறை தடம் புரண்டான். மூன்றாம் முறை ஆறு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு, கடலாக நடித்துவந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தான். தச்சர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து கட்டிய துறைமுகமும் கூடவே போயிற்று.

அவனைத் தொடக்கம் முதல் ஓட்டிவருபவர், கூடத்தில் எல்லாரும் அக்கா என்று அழைக்கும் பெண்மணி. சிறிய வண்டி திரையிலும் சிறியதாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, கேமராவை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் படம்பிடிப்பார்கள். அதற்கு ஈடாக வண்டியையும் விரட்டி ஓட்ட வேண்டும். திரையில் எல்லாம் பாதி வேகமாகக் குறைந்து, அது பல டன் எடையோடு அசைந்து அசைந்து வரும். வேகத்துக்கான குமிழ் அக்காவின் வலக்கையில் இருந்தது. தொப்பையின் கண்களை உருட்டுவதற்கென்று தனியே ஒருவர் இருந்தார். சென்ற மாதம் அவர் வேலையை விட்டுப் போனதும் அந்தக் குமிழ் அக்காவின் இடக்கைக்கு வந்தது. வளைவில் தொப்பை வலப்பக்கமுள்ள கடலைப் பார்க்க வேண்டும். அக்கா இடக்கைக் குமிழை வலப்புறம் திருப்புவார். வலக்கையும் தன்பாட்டுக்கு வலப்புறம் திரும்பி வேகத்தைக் கூட்டிவிடும். கண் கடலைப் பார்க்க, வண்டி கடலுக்கே போய்விடும்.

எல்லார் பார்வையும் திரையில் இருந்ததால், இது அக்கா ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

நிர்வாகி தொப்பைக்குக் குறிப்பாணை அனுப்பினார். ‘பணியில் கவனக்குறைவாக இருந்தமைக்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்’ என்ற தாளை எட்டாக மடித்து அவனுடைய ஓட்டுநர் அறைக்குள் செருகிவைத்தார். நான்காம் நாள் உருவிப் பார்த்தார். பதில் இல்லை. விசாரணைக்குத் தேதி குறிக்கப்பட்டது.

அன்று காலை, வண்டிகளுக்கு முகங்கள் செய்யும் அறையில் அக்காவின் கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். தொப்பைக்கு அவன் செய்த பதினான்கு முகங்களும் மேசைமேல் கிடந்தன.

“அண்ணி, எந்த முகத்த மாட்டுறது?”

“சாதாரண முகத்தையே மாட்டு.”

“அதுல லேசா சிரிப்பு இருக்கு. துறைமுகத்தையே முழுகடிச்சிட்டு இளிக்கிறான் பாருன்னு சொல்லுவாங்க.”

“அப்ப அழுற முகம்.”

“அது குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். தூங்குற முகம் ஒண்ணு இருக்கு.”

“விசாரணையில யாராவது தூங்குவாங்களா?”

“நம்ம நிர்வாகி எந்தக் கூட்டத்துல முழிச்சிருந்தாரு?”

கடைசியில் ஆச்சரிய முகம் தேர்வாயிற்று. ‘நானா?’ என்று கேட்பதுபோல் அதன் வாய் திறந்திருந்தது. அதைப் பசை வைத்து அழுத்தியபடியே கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான்.

“தீர்ப்ப நேத்தே டைப் பண்ணிட்டாங்களாம் அண்ணி. மோட்டாரக் கழட்டிட்டு, பின்னால ஷெட்டுல சும்மா நிறுத்தி வெச்சிடுவாங்க.”

அக்கா தொப்பையின் புகைபோக்கியில் இருந்த தூசியை ஊதினார்.

கூட்ட அறையின் மேசைமேல் இரண்டடித் தண்டவாளம் போடப்பட்டிருந்தது. வெறும் மேசையில் நிற்கவைப்பது மரியாதையில்லை என்று இயக்குநர் கருதினார்.

“தொப்ப, உம்மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல,” என்று அவர் தொடங்கினார். “நீ ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்.”

ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தார்கள்.

“வாயத் தொறக்கிறானா பாருங்க சார். திமிரு,” என்றார் நிர்வாகி.

“தொறந்துதான் இருக்கு. பயத்துல பேச்சு வரல. முகத்தப் பாருங்க,” என்றான் கொழுந்தன்.

“அந்த முகத்தையே நீதானப்பா...” என்று ஆரம்பித்த நிர்வாகி நாக்கைக் கடித்துக்கொண்டார். அறையில் எல்லாரும் சன்னலைப் பார்த்தார்கள்.

இயக்குநர் அக்காவின் பக்கம் திரும்பினார். “நீங்க அவனோட ரொம்ப நாளாப் பழகினவங்க. மனசுல ஏதாவது கவலையா அவனுக்கு?”

“அவனுக்கு இப்ப ரெண்டு வேல சார்,” என்றார் அக்கா, சொற்களைப் பொறுக்கி எடுத்து. “ஓடவும் ஓடணும், பாக்கவும் பாக்கணும். தடுமாறுறான்.”

“ஓடிட்டே பாக்குறதுதானேம்மா ரயிலோட வேல?”

“இன்னொரு தடவ விட்டுப் பாருங்க சார்.”

“மூணு தடவ விட்டாச்சு. நாளைக்கு ஒரு செவப்பு எஞ்சின் வர்றான். நல்ல கம்பெனியில பொறந்தவன், பேரக் கெடுத்துக்க மாட்டான். அவனுக்கும் நீங்கதான் துணையா இருக்கணும்.”

அக்கா தம் வலக்கையைப் பார்த்தார். அந்தச் சிவப்பு எஞ்சினும் அடுத்த வாரமே தொட்டிக்குள் கிடக்கும். அதன் அறைக்குள்ளும் ஒரு தாள் எட்டாக மடிந்திருக்கும்.

நிர்வாகி சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கொழுந்தன் கைக்குட்டையால் தொப்பையின் கண்களை மறைத்தான்.

“சீக்கிரமா முடிங்க,” என்றார் இயக்குநர். “அவனுக்கு வலிக்கக் கூடாது.”

அக்கா எழுந்தார். தண்டவாளத்திலிருந்து தொப்பையைத் தூக்கி, எல்லார் கண்ணெதிரிலும் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அங்கிருந்தவர்கள் இதுவரை நேராகப் பார்க்கத் துணியாத அடிப்பாகம்: நான்கு திருகாணிகள், ஒரு பல்சக்கரம், எண்ணெய் படிந்த சின்ன மோட்டார்.

“அக்கா!” இயக்குநர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்ன பண்றீங்க, அவன் முன்னாடி...”

“இதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல சார். எழுதிக்குங்க,” என்றார் அக்கா, நிர்வாகியின் திருப்புளியைப் பிடுங்கி அவர் விரல்களுக்கிடையே பேனாவைச் செருகியபடி. “பொம்ம. இது வெறும் பொம்ம. ஓட்டினது நான்.”