மணிமேகலை எடுத்த வண்டிக் கணக்கு

சந்தைமேட்டு முக்கு ரோட்டில், மெடிக்கல் கடைக்கு மேல்மாடியில் மணிமேகலையின் தையல் கடை இருந்தது. முள்ளுக்குறிச்சியிலிருந்து மலை ஏறி வரும் ரோடு, அருவிக்கும் கோயிலுக்கும் போகும் ரோடு, தேவனூர் நாட்டு ஊர்களுக்குப் போகும் ரோடு மூன்றும் அவள் ஜன்னலுக்கு நேர் கீழேதான் சேர்கின்றன. சனி, ஞாயிறு வந்துவிட்டால் அங்கே வண்டிகள் நிற்கும், ஹாரன் மட்டும் ஓடும். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது வாடிக்கையாளர் ஒன்று சொல்ல, அவள் காதில் வேறொன்று விழும். ஒரு தடவை முப்பத்தாறை முப்பத்திரண்டு என்று கேட்டுத் தைத்துவிட்டாள்.

ஊரைச் சுற்றி பைபாஸ் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது எல்லாரையும்விட அவள்தான் சந்தோஷப்பட்டாள். ஆனால் வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை. எதிரே லாட்ஜும் ஓட்டலும் வைத்திருந்த செங்கோடன் வியாபாரிகள் சங்கத்துத் தலைவர். "வண்டியெல்லாம் சுத்திக்கிட்டுப் போயிட்டா நம்ம கடைக்கு எவன் வருவான்? ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்று அவர் கடைகடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவோரம் அன்னாசியும் பலாவும் விற்கும் இருசாயிக்கு வேறு கவலை. பைபாஸுக்கான வரைபடத்தில் போட்டிருந்த நாலு கிலோமீட்டர் சிவப்புக் கோடு அவளுடைய மிளகுக் காட்டின் நடுவில் போயிற்று. அவளுக்கு மட்டுமல்ல, முப்பது குடும்பங்களுக்கு அப்படி.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ரோடு ஆபீசிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். ராசிபுரத்துப் பெண்ணான இன்ஜினியர் கலைச்செல்வியும், அச்சடித்த கேள்விப் பாரங்களை நிரப்ப இரண்டு ஆட்களும். வண்டிகளை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். மத்தியானத்துக்குள் அந்த இருவரும் நாலு திட்டு வாங்கிக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

கலைச்செல்வி மேலேயிருந்து முக்கைப் பார்க்கலாம் என்று மாடி ஏறி வந்தாள். கையில் முக்கால்வாசி காலியாக இருந்த பாரங்கள்.

"ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. இந்த ஊர்ல எல்லாருமே கோவக்காரங்களா?"

மணிமேகலை மிஷினை நிறுத்தினாள். "கோவம் இல்லீங்க மேடம். காலையில இருந்து நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். புறப்பட்டு வர்ற ஆளைப் பார்த்து எடுத்த எடுப்புல எங்க போறீங்கன்னு கேட்டா யாருக்குங்க பிடிக்கும்? கோயிலுக்குப் போறவங்க, பொண்ணு பார்க்கப் போறவங்க எல்லாம் இருப்பாங்க. சகுனத் தடைன்னு நினைச்சுக்குவாங்க."

கலைச்செல்வி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க அம்மாவே கேக்க விடமாட்டாங்க. பாரத்துல அச்சடிச்சிருக்கறதால மறந்தே போச்சு. சரி, நீங்களா இருந்தா எப்படிக் கேப்பீங்க?"

"தூரமுங்களான்னு கேப்பேன்."

"நாளைக்கும் நாளானைக்கும் எனக்காக நீங்க கேக்கறீங்களா? எழுதப் படிக்கத் தெரியுமில்ல?"

"பன்னண்டாவது பாஸுங்க," என்றாள் மணிமேகலை. வாய் சொல்லி முடிப்பதற்குள் கை டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, முள்ளுக்குறிச்சி ரோடு வந்து சேரும் இடத்தில் அட்டையும் பேனாவுமாக நின்றாள். முதலில் வெட்கமாக இருந்தது. வண்டிகளை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாதது ஒரு வசதி. அவை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. முதல் காரின் ஜன்னலில் குனிந்து கேட்டாள்: "தூரமுங்களாண்ணா?"

"எங்கம்மா தூரம், அருவி வரைக்குந்தான். முக்கா மணி நேரமா இங்கயே நிக்கறோம்" என்றார் அவர். கேட்காமலே, சேலத்திலிருந்து வருவதையும் மாமியாருக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளாததையும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்த வண்டியும் அருவி. அதற்கடுத்தது கோயில், பையனுக்கு மொட்டை. ஒரு வேனில் பதினான்கு பேர். அதில் ஒரு பெண், "இங்க பலாப்பழம் நல்லா இருக்குமாமே, இறங்கி வாங்கலாம்னா வண்டியை எங்க நிறுத்தறது?" என்று ஏக்கமாக இருசாயியின் கடையைப் பார்த்தாள். பாரத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை என்று கலைச்செல்வி சொல்லியிருந்தாள். கட்டம் என்று ஒன்று இருந்தால் சும்மா விடுவானேன் என்று மணிமேகலை எழுதினாள்: 'பலாப்பழம் வாங்க ஆசை. நிறுத்த இடம் இல்லை.'

மலைக்கு வரும் பஸ்ஸின் டிரைவர் அர்த்தனாரியையும் அவள் விடவில்லை.

"ஏம்மா, போர்டுலதான் எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"எல்லாரையும் கேக்கச் சொல்லியிருக்காங்கண்ணா. குறிப்பு ஏதாச்சும் சொல்றீங்களா?"

"எழுதிக்க. இந்த முக்குல நின்ன நேரத்துல எனக்கு அரை மீசை நரைச்சுப் போச்சு."

அதையும் எழுதினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் குரல் கட்டிப்போயிருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள். தையல் கடையின் வெட்டு மேஜையில் பாரங்களைப் பரப்பி, இரண்டு பேரும் கூட்டிப் பார்த்தார்கள். கலைச்செல்வி இரண்டாவது முறை கூட்டினாள். மூன்றாவது முறை கூட்டும்போது அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மணிமேகலை, இதப் பாருங்க. நானூத்தி முப்பது வண்டி அருவிக்கும் கோயிலுக்கும் போகுது. தேவனூர் நாட்டுப் பக்கம் போறது கொஞ்சந்தான். ஊரைச் சுத்தி நாலு கிலோமீட்டர் எதுக்கு? முள்ளுக்குறிச்சி ரோட்டையும் அருவி ரோட்டையும் மட்டும் சேர்த்துட்டாப் போதுமே!"

"ஓடைக்கரையோட டிராக்டர் போற தடம் ஒண்ணு இருக்குதுங்களே," என்றாள் மணிமேகலை. "புறம்போக்குதான். செங்கோடண்ணன் லாட்ஜுக்குப் பின்னாடியே போகும்."

மறுநாள் காலை இருவரும் அந்தத் தடத்தில் நடந்தார்கள். ஒன்றேகால் கிலோமீட்டர். ஒரு மிளகுக்கொடியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

அடுத்த வாரம் ஊராட்சி அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஓடைத் தடத்துச் செய்தி அதற்குள் ஊரில் பரவியிருந்தது. கூட்டம் தொடங்கும் முன்பே செங்கோடன் எழுந்துவிட்டார். "சின்ன ரோடோ பெரிய ரோடோ, பைபாஸ்னா எங்க பொழப்புல மண்ணுதானுங்க. இத்தனை வண்டி எங்க கடை முன்னால நிக்கறதாலதான் நாங்க சோறு திங்கறோம்."

வியாபாரிகள் கைதட்டினார்கள். கலைச்செல்வி பாரங்களின் கட்டை மணிமேகலையிடம் நீட்டினாள். "நீங்களே படிங்க. குறிப்பை மட்டும்."

மணிமேகலை எழுந்து நின்று, எழுதியிருந்தபடியே படித்தாள்.

"நாற்பத்தேழாவது வண்டி. பலாப்பழம் வாங்க ஆசை. நிறுத்த இடம் இல்லை. ஐம்பத்திரண்டு. குழந்தைக்குப் பசி, ஓட்டல் தெரிகிறது, இறங்க முடியவில்லை. அறுபது. மிளகு ரெண்டு கிலோ வேணும், பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடித்தே கொல்கிறான். அறுபத்தொன்று. அறுபதாவது வண்டிக்காரன் நகரவே மாட்டேங்கிறான்."

சிரிப்பு எழுந்தது. அரை மீசை வந்தபோது கூரை பிய்ந்துவிடும்போல ஆயிற்று. இருசாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செங்கோடன் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இந்த மாதிரி நிறுத்த இடமில்லைன்னு எத்தனை பேர் சொன்னாங்க?"

"நூத்தி எழுபத்தி மூணு பேருங்கண்ணா. ரெண்டு நாள்ல."

"நம்ம ஓட்டலைப் பார்த்துக்கிட்டே பசியோட போயிருக்காங்களா?"

"பேர் சொல்லியே கேட்டாங்கண்ணா. நல்லா இருக்குமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தோசை நல்லா இருக்கும்னு சொன்னேன்."

செங்கோடன் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழுந்தார். லாட்ஜுக்குப் பின்னால் தன்னுடைய இடம் சும்மாதான் கிடக்கிறது, ஓடைத் தடம் அதை ஒட்டித்தான் போகிறது, வண்டி நிறுத்த அந்த இடத்தை விடத் தயார் என்றார். "போறவன் போகட்டும். நிக்கணும்னு நினைக்கறவன் நிம்மதியா நிக்கட்டும்." ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் நம்பவில்லை. ஒரு நாள் மட்டும் வண்டிகளை அந்தத் தடத்தில் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஆடிப்பெருக்கு வருகிறதே, அதைவிடக் கூட்டம் எப்போது வரும்?

ஊராட்சி ஆட்கள் தடத்தில் கிராவல் கொட்டி நிரவினார்கள். ஆடிப் பதினெட்டு அன்று காலை ஆறு மணிக்கே போலீஸ்காரர்கள் அம்புக்குறி போட்ட பலகைகளை நட்டார்கள். மணிமேகலை கடையைத் திறந்து ஜன்னலோரம் நின்றாள். இருசாயியும் மாடிக்கே வந்துவிட்டாள்.

எட்டு மணி. ஒன்பது மணி. தெற்கே ஓடைக்கரையில் வண்டிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போவது தெரிந்தது. கீழே முக்கு ரோடு காலியாகக் கிடந்தது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து, தங்கள் தெருவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். செங்கோடன் நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

ஒன்பதரைக்கு லாட்ஜ் சந்திலிருந்து ஒரு குடும்பம் நடந்து வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் கும்பல் கும்பலாக. வண்டியை நிறுத்திவிட்டுக் கையை வீசிக்கொண்டு, கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். யாரோ பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ, கடையில ஆள் இல்லையே!" என்று இருசாயி படியில் இறங்கி ஓடினாள்.

அர்த்தனாரியின் பஸ் வந்து முக்கில் திரும்பி, நிற்காமல் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வெளியே தலையை நீட்டி, நம்பாமல் பின்னால் பார்த்தார். பத்தரை மணிக்குள் ஓட்டலில் தோசை மாவு தீர்ந்துவிட்டது. செங்கோடன் கிரைண்டரைப் போடச் சொல்லிக் கத்தியது மாடி வரைக்கும் கேட்டது. ஹாரன் இல்லாத தெருவில் ஒரு மனுஷனின் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று மணிமேகலைக்கு அன்றுதான் தெரிந்தது.

மத்தியானம் கலைச்செல்வி புழுதி அப்பிய முகத்தோடு வந்து கீழிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க மணிமேகலை! மேலிடத்துல சரின்னு சொல்லிட்டாங்க. சின்ன ரோட்டுக்குத்தான் எஸ்டிமேட் போடப்போறோம். இறங்கி வாங்க."

மணிமேகலை இறங்கி வந்தாள். எதிரில் இருசாயி பலாச்சுளை நிறைந்த தட்டைத் தூக்கிக் காட்டி அழைத்தாள். மணிமேகலை இந்த முக்கில் கடை போட்டு ஆறு வருஷம். எதிர்ச்சாரிக்குப் போக அவள் ஒரு நாளாவது ஓடாமல் போனதில்லை. இன்று கலைச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டின் நடுவில், இரண்டு பக்கமும் பார்க்காமல், ஆடி அசைந்து நடந்து போனாள்.