பசிலியா கூப்பிட்டதும் வந்தவன்

ஃபெர்மின் தார்கியின் உடம்புக்குள் ஒரு டென்மார்க்காரன் குடிபுகுந்தது ஆகஸ்டு மாதத்து வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. பனிமலை ஏற வந்த வெளிநாட்டுக்காரர்களை வாய்னா பொத்தோசிச் சிகரத்துக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஃபெர்மின், இரண்டு மாதத்துக்கு முன் அங்கே ஒரு பனிப்பிளவில் விழுந்திருந்தான். கயிறு இழுத்ததில் உடம்பு மேலே வந்தது, பயந்துபோன ஆவி கீழேயே தங்கிவிட்டது. எங்கள் எல் ஆல்டோ ஊரில் இது சளி காய்ச்சல் போல யாருக்கும் வருவதுதான். ஆனால் மூன்று அமாவாசைக்குள் திரும்ப அழைக்காவிட்டால் உடம்பும் பின்னாலேயே போய்விடும். இரண்டு கழிந்திருந்தன. சூப்புக் கிண்ணத்தை வெறித்தபடி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, அன்றே அழைத்துவிடுவது என்று அவன் மனைவி பசிலியா எழுந்தாள்.

ஆவியை அழைக்க, ஆள் உடுத்திய துணி வேண்டும். அவனுடைய சிவப்புக் குளிர்ச்சட்டையை வாசலில் வீசி வீசி, "வா, வீட்டுக்குப் போலாம், வா" என்று அழைத்தாள். மலையேறிகள் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் உடுப்பில்தான் எங்கள் வழிகாட்டிகள் பாதிப்பேர் காலம் தள்ளுகிறார்கள் என்பது அந்தப் பதற்றத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. சட்டையைக் கொடுத்த டென்மார்க்காரன் யோர்ன், ஏழு வருஷத்துக்கு முன் அதே பிளவில் பயந்து, ஆவியைத் தொலைத்தது தெரியாமலே விமானம் ஏறிப் போய், மூன்றாம் அமாவாசைக்குள் அங்கே செத்தவன். கூப்பிட்ட குரலுக்கு அவன் ஆவி ஓடி வந்துவிட்டது. ஃபெர்மினின் உடம்போடு எழுந்து பிள்ளைகளிடம் கைகுலுக்கி, சூப்பில் கிடந்த கறுத்த உலர்கிழங்கை ஓரமாக ஒதுக்கினான்.

"என்னடி, உம் புருஷனுக்குத் தூதரகத்துல வேல கெடச்சிருச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு நிக்கோலாசா.

"இது அவரில்லக்கா. யாரையோ கூட்டியாந்துட்டேன்."

வீட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். காலுறை ஆஸ்திரியாக்காரனுடையது, குல்லாய் கனடாக்காரியுடையது. அவனுக்கென்று சொந்தமாக ஒரு கந்தல்கூட இல்லை. அமாவாசைக்கு முதல் நாள், மலையேறப் போன ஒரு குழுவின் கயிற்றில் தன்னையும் கட்டிக்கொண்டு பிளவுக்குப் போய், பாவாடையோடு குப்புறப் படுத்து, துணிக்குப் பதிலாக, சண்டையில் அவனுக்கு மட்டும் வைக்கும், சுமை தூக்கும் மிருகத்தின் பெயரால் கூப்பிட்டாள்.

"ஏய் சொட்டை லாமா, சூப்பு ஆறுது. எந்திரிச்சு வா."

"பயமா இருக்கு பசிலியா" என்றது பிளவு. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் அப்படிச் சொன்னதே இல்லை. அவன் ஆவியைச் சால்வையில் ஏந்தி, குழந்தையைப்போல் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரு கோழி கனம் இருந்தது.

வீட்டிலோ அவன் உடம்பு காலியாகவில்லை. "ஏழு வருஷம் பனியில கெடந்தேம்மா. மறுபடி வெளிய தள்ளாதீங்க" என்று யோர்ன் காலைப் பிடித்தான். முதுகில் ஃபெர்மின் விறைத்துக்கொண்டிருந்தான். வேறு வழி தெரியாமல் பசிலியா தன் வாயைத் திறந்து ஃபெர்மினை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இப்போது வழிகாட்டி அவள்தான். யோர்ன் வீட்டில் கிழங்கு உரிக்கிறான், பிள்ளைகளுக்கு அவன் மாமா. பள்ளிக்கூடத்துத் தாளில் அப்பாவின் கையெழுத்தைப் பசிலியா போடுகிறாள். எழுத்து ஃபெர்மினுடையதேதான் என்பதால் வாத்தியார்கள் ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பிளவுக்கு வந்தால் மட்டும் அவள் முழங்கால் வெடவெடக்கிறது, பின்னால் கயிற்றில் வருகிறவர்கள் கலவரப்படுகிறார்கள்.

"நானில்ல, அவரு" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொடுத்துத் தாண்டுகிறாள்.