சத்தம் போன சிட்டு

புதிய சிட்டு கார் விற்பனைக்கு வந்த திங்கட்கிழமை காலை பத்து ஐந்துக்கு, பல்செட்காரருடைய பழைய சிட்டிலிருந்து சத்தம் போய்விட்டது. என்ஜின் ஓடியது, சக்கரம் உருண்டது, புகைக்குழாயில் வைத்த கை சுட்டது. சத்தம் மட்டும் இல்லை. கதவை அறைந்து சாத்தினாலும் இல்லை. ஹாரனை அழுத்தினார், டயரடியில் படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை. ஸ்பேனரால் பானெட்டில் ஓங்கி ஒரு போடு போட்டதில் பெயிண்ட்தான் பெயர்ந்தது. பிற்பகலில் பெய்த மழை தெருவிலிருந்த தகரத்தின்மேலும் குடைகளின்மேலும் சடசடவென்று விழுந்து, அந்தக் காரின்மேல் மட்டும் பஞ்சு மாதிரி இறங்கியது. உள்ளே உட்கார்ந்து பேசினால் பேச்சும் கேட்காது. அந்த வாரம் பெட்ரோல் விலை இரண்டு முறை ஏறியிருந்ததால் தெருக்காரர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பல்செட்காரர் என்று ஊர் அவரைச் சொன்னதற்குக் காரணம் அவர் தொழில். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்வார். மீதி நேரமெல்லாம் அந்த வெள்ளைக் கார்தான். சிட்டு என்பது தீப்பெட்டி மாதிரி சின்னதாக, நான்கு பேர் முழங்காலை மடக்கி உட்காரக்கூடிய வண்டி. நிறுவனம் அதைச் செய்வதை நிறுத்திப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. மூடிக் கிடந்த சோப்புத் தொழிற்சாலையின் முற்றத்தில் ஞாயிறுதோறும் காலையில் பதினோரு சிட்டுகள் கூடும். ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார், இன்னொருவர் ஒரு வண்டியின் கதவைச் சாத்துவார். அந்தச் சத்தத்தை வைத்து அது எந்த வருடத்து வண்டி என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் எல்லா வண்டிகளின் கண்ணாடியையும் துடைக்க வேண்டும். சர்ச்சை வந்தால் பல்செட்காரரின் கதவைச் சாத்திப் பார்த்து முடிவு செய்வார்கள். அது தராசு மாதிரி.

நிறுவனம் குட்டி வண்டிகளைக் கைவிட்டுப் பெரிய பெரிய வண்டிகளாகச் செய்து விற்ற காலம் அது. ஜனங்களைக் கேட்டுப் பார்த்ததில், அந்த வண்டிகளின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை, சிட்டின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது என்று தெரிந்தது. வண்டியை மாற்றுவதைவிடப் பெயரை மாற்றுவது சுலபம் என்று கண்டுகொண்டு, அடுத்து வரப்போகும் பெரிய வண்டிக்குச் சிட்டு என்றே பெயர் வைத்தார்கள். கையோடு பழைய சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிராண்ட் மேனேஜரான ஓர் அம்மாள், நான்கு மைக்குகளோடு பல்செட்காரரின் வீட்டுக்கு வந்தார். ஒப்பந்தம் இருபத்திரண்டு பக்கம். பின்னிணைப்பாக, பழைய என்ஜினின் தொழிற்சாலை வரைபடங்கள் ஆறு. பல்செட்காரர் பல்லின் விளிம்பு பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து அந்த ஆறு வரைபடங்களையும் இரண்டு மணி நேரம் படித்தார். தனக்கு இத்தனை வருடம் தெரியாமலிருந்த ஓர் எண்ணெய்த் துளையைக் கண்டுபிடித்து நெகிழ்ந்துபோனார். இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். சத்தம் பிடிக்க வண்டியை ஓட்டியபோது, அக்கா வீட்டில் இறங்கிக்கொள்ளலாம் என்று மனைவியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி வளைவில், இருபத்து நான்கு வருடமாகச் சொல்லி வருவதைப் போலவே, "மெதுவா, மெதுவா" என்றாள். மைக்குகள் அதையும் வாங்கிக்கொண்டன.

சத்தம் போன மறுநாள் பல்செட்காரர் ஷோரூமுக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால், சிட்டு என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எருமைக்கடா உயரத்துக்கு ஒன்று நின்றது. முன்முகத்தில் பாதி வாய். மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தாத செட்டை அவசரமாக மாட்டிவிட்டதுபோல் பளபளவென்று இளித்தது; ஈறு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு ஓடியது. உள்ளே புது பிளாஸ்டிக்கின் குமட்டும் இனிப்பு வாசனை. பொத்தான் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே திரை, அதில் காலையிலிருந்து வந்தவர்களின் விரல் எண்ணெய் எச்சில்போலப் படிந்திருந்தது. விற்பனையாளர் ஸ்டார்ட் செய்தார். ஸ்பீக்கரிலிருந்து வந்தது பல்செட்காரரின் சொந்த என்ஜின், இரண்டாவது வால்வின் லேசான இருமலோடு. ஓட்டிக் காட்டியபோது, முதல் வளைவில், இருக்கைக்கு அடியிலிருந்து அவர் மனைவியின் குரல், "மெதுவா, மெதுவா" என்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாக்கடையோரம் குந்தி, காலையில் சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் மனைவி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மற்ற வார்த்தையெல்லாம் வருகிறது, மெதுவா என்ற அந்த ஒன்று மட்டும் வரவில்லை. நிதானமா என்று சொல்லிப் பார்த்தாள், பார்த்துப் போங்க என்று சொல்லிப் பார்த்தாள். அடுத்தவர் செருப்பில் காலை நுழைத்த மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டாள். அவர் பாத்திரங்களை உருட்டும்போது கண்டிக்க வார்த்தையில்லாமல் நின்றாள். வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்கிறதென்று கேட்டைத் திறக்கப் போவாள். யாரோ எவரோ எருமையில் போவார்கள். மூன்று மாதத்தில் அந்த ஊரில் மட்டும் நானூறு வண்டி விற்றது. ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்டைத் திறந்துவிட்டு, கடைசியில் கேட்டைக் கழற்றிச் சுவரில் சாத்திவைத்தாள்.

சோப்புத் தொழிற்சாலை முற்றத்தில் சிட்டுக்காரர்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டது. கணக்கு வாத்தியார், உயரமான வண்டியில் முதுகு வலிக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். டயர்க்கடைக்காரர் ஒருபடி மேலே போய் ஒன்றை வாங்கியே வந்துவிட்டார்.

"கோவப்படாதீங்க அண்ணே. பேரு அதுதானே, சத்தம் அதுதானே. அப்புறம் என்ன?"

"என் பல்ல பிடுங்கி உன் வாயில வச்சா, அது உன் சிரிப்பாயிடுமாடா?"

"அண்ணி குரல் கேட்டா ஒரு மரியாதை வருதுண்ணே. என் வீட்டுக்காரி சொன்னா வேகத்தைக் குறைக்க மாட்டேன், அண்ணி சொன்னா குறைக்கிறேன்."

பல்செட்காரர் அந்தப் புதுக் காரின்மேல் துப்பினார். கண்ணாடி துடைக்க வைத்திருந்த துணியாலேயே டயர்க்கடைக்காரர் அதைத் துடைத்துவிட்டார், பெரிய மனசு. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு வண்டிகள்தான் கூடின. சத்தமில்லாத கதவை வைத்து எதையும் தீர்க்க முடியாமல், எல்லோரும் அவரவர் கண்ணாடியை அவரவர் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தக் குரல் ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நிறுவனம் கண்டுபிடித்ததும் அதற்கு மாதச் சந்தா வைத்தது. கட்டாதவர்களின் வண்டி "மெது" என்பதோடு நின்றுவிடும். இதைக் கேள்விப்பட்ட அன்றே பல்செட்காரர் தலைமை அலுவலகத்துக்குப் போனார். பிராண்ட் மேனேஜர் அவரை உட்கார வைத்து, ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தை எடுத்துக் காட்டினார். வண்டியின் சத்தமும் வண்டிக்குள் உள்ளவர்களின் சத்தமும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அச்சிட்டிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். திருப்பித் தர முடியாதுன்னு சொல்லல. வருஷ விழா வருது. மேடையில நீங்க கதவைச் சாத்திட்டு, 'இது அதே சிட்டு'ன்னு ஒரு வரி சொல்லணும். பழைய ரசிகர் வாயால வந்தாதான் எடுபடும். சொல்லிட்டீங்கன்னா மேடமோட குரலை அன்னைக்கே எடுத்துட்டு வேற குரல் போட்டுடறோம்."

"என் வண்டி சத்தம்?"

"அது பிராண்டோட சொத்து சார்."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு வரிதானே. சொல்லிட்டு வாங்க. எங்க அக்கா புடவை கட்டி வந்தா, நல்லா இருக்குன்னு வருஷா வருஷம் சொல்றீங்கல்ல."

"அது உங்க அக்கா. இது வண்டி."

"எனக்கு என் வார்த்தை வேணுங்க. போறவன் வர்றவன் சீட்டுக்கு அடியில நான் கிடக்கறேன். உடம்பு கூசுது."

 பல்செட்காரர் விழாவுக்கு நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்; மனைவி முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் எருமை விளக்கு வெளிச்சத்தில் இளித்துக்கொண்டு நின்றது. அவர் கதவைச் சாத்தினார். கதவு சாத்திய பிறகு, இமை கொட்டும் நேரம் தாமதித்து, ஸ்பீக்கரிலிருந்து கதவு சாத்தும் சத்தம் வந்தது. அவருடைய கதவு. ஒருமுறை ஒரு மனிதர், செத்துப்போன அப்பாவின் பல்செட்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, புதுசு செய்ய வேண்டாம், இதையே தேய்த்துத் தன் வாய்க்குப் பொருத்திக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். அன்று அதை அதே தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்; இப்போது எதிரே ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வரி தயாராகத்தான் இருந்தது. முன்வரிசையைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிச் சொல்லுங்கள் என்றாள்.

"இது சிட்டு இல்ல," என்றார் மைக்கில். "சிட்டை முழுங்கிட்டு, அதோட தொண்டையில கத்தற எருமை. இதுக்கு வாய் சரியா பொருந்தல, பேரும் பொருந்தல. உள்ள பேசறது என் பொண்டாட்டி. அவளை வெளிய விடுங்க."

மைக்கை அணைத்தார்கள். மனைவி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, அவரைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். காருக்குள் ஏறியதும் அவள் வாய் ஓயாமல் அசைய ஆரம்பித்தது. ஒன்றும் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டியதில் சைக்கிள்கள் அவரை முந்தின. பாதி வழியில் தாங்க முடியாமல் நிறுத்தி, இருவரும் கீழே இறங்கி ரோட்டோரம் நின்றார்கள்.

"தெரியும், என்மேல கோவம். வார்த்தை போச்சு. திட்டறதை வெளியில நின்னு திட்டு."

"அதுக்கு நான் திட்டல," என்றாள். "பேசினது சரி. மைக்கை வாயோட ஒட்டி வச்சா பேசுவாங்க? எச்சில் தெறிச்சு முன்வரிசை பூரா துடைச்சுக்கிட்டாங்க."

வார்த்தை திரும்பி வரவேயில்லை. நான்கு வருடத்தில் நிறுவனம் அந்த எருமையையும் நிறுத்திவிட்டு, அதைவிட உயரமாக ஒன்றைச் செய்து, வேறொரு செத்த வண்டியின் பெயரை வைத்தது. அதைப் பற்றி டயர்க்கடைக்காரர் நல்லதாகச் சொன்னார். வெள்ளைக் கார் இப்போதும் ஓடுகிறது. உள்ளே ஒரு பெண் சத்தமில்லாமல் பேசிக்கொண்டே வர, சைக்கிளுக்குப் பின்னால் அது போவதைப் பார்த்துப் பழகிவிட்ட ஜனங்கள், ஹாரனுக்குக் காத்திராமல் தாங்களே ஒதுங்கி நிற்கிறார்கள். வருடாவருடம் தகுதிச் சான்றுக்குப் போகும்போது, ஆய்வாளர் பானெட்டைத் திறந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, 'சத்தம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி முத்திரை குத்துவார். போன முறை மட்டும், பின் டயர் இரண்டையும் மாற்றிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.