தானும் வாங்கிய ஷாக்

தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் தேவாலய வாசலில் வறுத்த மீன் வாங்க ஊரே வரிசையில் நிற்கும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து அந்தச் சின்ன ஊரில் போலீஸ்காரன் வெண்டலுக்கு அங்கே காவல் என்றால் கொண்டாட்டம்தான். ஓசியில் ஒரு பொட்டலம் நிச்சயம். அன்று அதைப் பிரிக்கக்கூட விடவில்லை ஆர்லோ. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், கொஞ்சம் வாய் நீளம். தன் காரை மறித்து எவனோ வண்டியை நிறுத்திவிட்டான் என்று கத்திக்கொண்டிருந்தார்.

"போதும் ஆர்லோ. கையைப் பின்னால கட்டிக்கிட்டுத் திரும்புங்க."

"ஏண்டா வெண்டல், உன் மீனு ஆறிப்போகுதுன்னு நான் திரும்பணுமா? முதல்ல அந்த வண்டிக்காரனைக் கூப்புடு!"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அது வெண்டலுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆர்லோ கை ஓங்கவில்லை, கிட்டே வரவும் இல்லை. ஆனாலும் அவன் மின்அதிர்ச்சித் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டான். விறைத்துப்போன ஆர்லோ கையை ஊன்றக்கூட முடியாமல் மல்லாந்து விழுந்தார். பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோதியது.

உயிர் பிழைத்தார். ஆனால் வீடு திரும்பியபோது மனைவி மார்வாவின் பெயர்கூட அவருக்கு நினைவில் இல்லை. பேருந்துக்கு வேறு ஓட்டுநர் வந்துவிட்டார்.

விசாரித்தது யார்? வெண்டலின் மேலதிகாரி சார்ஜென்ட் காஸ், ஞாயிறுதோறும் அவனோடு சீட்டாடுபவர்.

"பயிற்சியில நாம எல்லாரும் இதே துப்பாக்கியால வாங்கின ஷாக்குதானேப்பா? அஞ்சு செகண்டு. எழுந்து காபி குடிக்கப் போகலையா?"

விதிப்படி சரி என்று விசாரணை முடிந்தது. வெண்டலும் அதை நம்பினான். நம்புவது வசதியாகவும் இருந்தது.

இப்படிப்பட்ட சம்பவங்களை விசாரிக்க வெளியாட்கள் குழு வேண்டுமென்று நகர மன்றத்தில் பேச்சு வந்தது. எதிர்த்துப் பேச ஸ்டேஷனிலிருந்து வெண்டலையே அனுப்பினார்கள்.

"அந்த ஷாக்கை நானே உடம்புல வாங்கியிருக்கேன். ஒண்ணும் ஆகல. எங்களை விசாரிக்க வெளியாள் எதுக்கு?"

மார்வா எழுந்தாள். கத்தவில்லை.

"நீ எங்க விழுந்தே, வெண்டல்?"

"நான் விழல. ரெண்டு பக்கமும் ஆள் நின்னு பிடிச்சுக்கிட்டாங்க. கீழே மெத்தை வேற..."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

"என் வீட்டுக்காரரை யாரு பிடிச்சா?"

பின்வரிசையில் காஸ் தொண்டையைச் செருமினார், உட்கார் என்று அர்த்தம். வெண்டல் உட்காரவில்லை.

"இந்தக் கேள்வியை எங்க ஸ்டேஷன்ல யாரும் என்கிட்ட கேக்கல. கேட்கத் தோணாது. எங்க எல்லாரையும் யாரோ பிடிச்சிருக்காங்க. அதனாலதான் எங்க தப்பை நாங்களே விசாரிக்கக் கூடாது. உயிர் போகாத ஆயுதம்னு நினைச்சுத்தான் அதை இவ்வளவு சுலபமா எடுக்கிறோம். வாய் பேசினவருக்குப் பொறுமையா ரெண்டு வார்த்தை பதில் சொல்லியிருக்கணும் நான். குழு வேணும்ங்க. முதல்ல என்னைத்தான் விசாரிக்கணும்."

தீர்மானம் நிறைவேறியது. வாசலில் அவன் மார்வாவிடம் போய்த் தலைகுனிந்து நின்றான்.

"என்னை மன்னிச்சிடுங்க."

"அவர்கிட்டயே வந்து கேளு," என்றாள் மார்வா. "ஆனா நீ யாரு, எதுக்குக் கேக்கறேன்னு அவருக்குப் புரியாது."