ஜோடி டஜனும் நெனிங் அக்காவும்

ரோடெல் சார் விற்றது ஒரு சூதாட்ட முறை. ரூலெட் மேஜையில் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரையுள்ள எண்கள் மூன்று டஜன்களாகப் பிரிந்திருக்கும். முதல் இரண்டு டஜன்களிலும் சமமாகப் பணம் வை. பந்து அவற்றில் வந்தால், ஒரு டஜனுக்கு வைத்த தொகை லாபம். வராவிட்டால் அடுத்த சுற்றில் மூன்று மடங்காக வை. எப்போதாவது வந்துதானே ஆகவேண்டும்? வந்ததும் விட்டதெல்லாம் திரும்பிவிடும். இதற்கு ‘ஜோடி டஜன்’ என்று பெயர் வைத்து, மணிலாவின் ஜீப்னி ஓட்டுநர்களுக்கும் துபாயில் வீட்டுவேலை செய்யும் நம் பெண்களுக்கும் இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தார்.

மணிலாவை ஒட்டிய பாசாயில், ஒரு பஞ்சர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். எனக்குக் கேமரா வேலை. நெனிங் அக்காவுக்கு அந்த முறையைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அவர் சொகுசுக் கப்பல் கேசினோவில் பல வருடம் சக்கரம் சுற்றியவர். அந்தக் கப்பலை உடைக்க அனுப்பியபோது, மற்றவர்கள் தட்டுமுட்டுச் சாமான் கேட்டார்கள். இவர் சக்கரத்தை விலை பேசி வாங்கி வந்துவிட்டார். அந்தச் சக்கரத்துக்காகத்தான் ரோடெல் சார் அவரை வேலைக்கு எடுத்தார்.

மழைக்காலம் முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒருநாள் அக்கா சார் முன்னால் போய் நின்றார்.

“கொஞ்சம் கொஞ்சமா ஏறுது சார், ஒரே இடத்துல மொத்தமா விழுது. மறுபடி ஏறுது, மறுபடி விழுது. கூட்டிக் கழிச்சா நஷ்டம்தான்.”

“விழறதுக்கு முன்னாடி எழுந்து போயிடுங்கன்னு சொல்லுவோம்.”

“எப்ப விழும்னு சொல்லுங்க சார். வேலைய விட்டுட்டு நானே ஆடப் போறேன்.”

சார் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை நேரலையில் அக்காவே வந்து, ‘நான் சோதித்தேன், இது ஜெயிக்கிறது’ என்று சொன்னால் போதும் என்றார்.

“வர்றேன்,” என்றார் அக்கா. “வாயால சொல்ல மாட்டேன். சுத்திக் காட்டுறேன்.”

சாருக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. அரை மணி நேரம் சுற்றினால் பெரும்பாலும் லாபத்தில்தான் நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினோம். விளையாட்டுச் சில்லுகள்தான், ஆனால் கேசினோ விதிகள். டஜனுக்குக் குறைந்தது நூறு பெசோ, அதிகபட்சம் பத்தாயிரம். அக்கா கப்பலில் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பந்து ஓடியது. வந்தது. மறுபடி வந்தது. ஒருமுறை தவறி, முந்நூறாக வைத்ததும் வந்தது. திரையில் லாபம் ஏறிக்கொண்டே போனது. பார்ப்பவர்கள் கூட்டமும் ஏறியது.

“அரை மணி ஆச்சு. முடிச்சுக்கலாமா மேடம்?” என்றார் சார், கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

“நான் எங்க முடிக்கிறேன்னு சொன்னேன்? இது விழும். விழற வரைக்கும் சுத்துவேன்.”

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்தன. நிறுத்த மனம் வரவில்லை. “சுத்துங்க, சுத்துங்க,” என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

சக்கரம் அக்காவின் மானத்தை வாங்கியது. ஒரு மணி நேரம், அதற்கு மேலும், ஜோடி டஜன் ஜெயித்துக்கொண்டே இருந்தது. ‘பாட்டி, எப்ப விழும்? நாங்க தூங்கிட்டு வரட்டுமா?’ என்று ஒருவன் எழுதினான். ‘கப்பல்ல இருந்து ஏன் துரத்துனாங்கன்னு இப்பப் புரியுது’ என்று இன்னொருவன். சார் அவற்றை உரக்க வாசித்தார். நான் தண்ணீர் நீட்டினேன், அக்கா வாங்கவில்லை. அவருடைய மணிக்கட்டு வீங்கியிருந்ததைக் கேமராவின் வழியாகப் பார்த்தேன்.

“அக்கா, போதுமே,” என்றேன் மெதுவாக.

“நீ கேமராவப் பாரு ஜெனலின்.”

லாபம் பதினோராயிரத்தைத் தொட்டபோது சார் எழுந்து கைதட்டினார். “பாத்தீங்களா மக்களே! சோதிக்க வந்தவங்களே அசந்துட்டாங்க! இத்தோட...”

அக்கா பந்தை விட்டார். முப்பத்தொன்று. மூன்றாம் டஜன்; தோல்வி. முந்நூறு வைத்தார். இருபத்தெட்டு. தொள்ளாயிரம் வைத்தார். பூஜ்யம். எந்த டஜனிலும் சேராதது, கேசினோவுக்கே உரியது. இரண்டாயிரத்து எழுநூறு. முப்பத்துநான்கு.

டஜனுக்கு எட்டாயிரத்து நூறு என்று அக்கா சில்லுகளை அடுக்கினார். பந்து இருபத்தைந்தில் விழுந்தது.

“அடுத்ததுக்கு இருபத்துநாலாயிரத்து முந்நூறு வைக்கணும்,” அக்கா கேமராவைப் பார்த்துச் சொன்னார். “மேஜை பத்தாயிரத்துக்கு மேல வாங்காது. பதினோராயிரம் லாபமும் போச்சு. அதுக்கு மேல பதிமூணாயிரம் கையை விட்டும் போச்சு. இதுதான் சார் விக்கிறது.”

“உச்சவரம்ப எடுத்துட்டுப் போடலாமே!” சாரின் குரல் உடைந்திருந்தது.

“எந்த ஊரு கேசினோவுல சார் எடுப்பாங்க?”

“ஜெனலின், கட் பண்ணு!”

நான் கேட்டேன். கேட்டும் கேமராவை நிறுத்தவில்லை. அவரே ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்.

அக்கா கோட்டைக் கழற்றி மடித்தார். பிறகு சக்கரத்தைத் தூக்கினார். சார் கதவை மறித்தார்.

“அத வச்சிட்டுப் போ.”

“சக்கரம் என்னுது. ஜோடி டஜன்தான் உங்களுது. அத நல்லா வச்சுக்குங்க. நகருங்க.”

நகர்ந்தார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். அந்தக் குறுகிய படியில் இருவருமாக இறங்கினோம். இறங்கும்போதே எனக்கும் வேலை போயிருந்தது.

நாங்கள் நினைத்ததுபோல் சார் ஒழிந்துவிடவில்லை. நேரலையைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் சக்கரத்தில் காந்தம் இருக்கிறது என்றார்கள். கொஞ்சம் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அடுத்த வாரம் சாரே அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா வாழைப்பழத் தூரோன் பொரித்துக்கொண்டிருந்ததால், கூட இருந்த நான்தான் ஒலிபெருக்கியில் போட்டேன்.

“நெனிங், அந்த நேரலைய எவ்வளவு பேரு பாத்திருக்காங்க தெரியுமா? திரும்பி வா. வாராவாரம் பழைய முறைய நீ தோக்கடி. நான் திருத்துன புது முறைய விக்கிறேன். பாதிக்குப் பாதி.”

அக்கா கரண்டியால் எண்ணெயை வடித்தார்.

“புது முறை தயாரா சார்?”

“தயார்.”

“அப்ப சனிக்கிழமை பக்லாரன் சந்தைக்கு எடுத்துட்டு வாங்க. சக்கரத்தோட நான் அங்க நிப்பேன். எல்லார் முன்னாடியும் சுத்துவோம். இலவசம்.”

சார் போனைத் துண்டித்தார்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. காலணி விற்கிற ஒருவரும், மாதா கோவிலிலிருந்து வந்த ஒரு அம்மாவும், ஆளுக்கொரு முறையோடு வந்தார்கள். இரண்டும் ஒருபோதும் தோற்காது என்று சத்தியம் செய்தார்கள்.

“உக்காருங்க,” என்றார் அக்கா, சட்டைக் கையை மடித்தபடி. “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”