யார் முன்னால்

நான் ஆஸ்பத்திரியில் புரோகிராமர். சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரை வரிசைப்படுத்தும் நிரல் என் கைவேலை. எது சின்ன எண், எது பெரிய எண் என்று பைத்தான் என்ற கணினி மொழிக்குத் தெரியும். இரண்டு நோயாளிகளை நிறுத்தி, நடுவில் < என்ற 'சிறியது' குறியைப் போட்டால் திருதிருவென்று விழிக்கும். நோயாளி என்றால் என்ன என்று வரையறுக்கும் கிளாசுக்குள் __lt__ என்று ஒன்றை எழுதி, அந்தக் குறிக்கு இங்கே என்ன பொருள் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்தேன்: நோய் முற்றியவர் முன்னால்; அதில் சமமென்றால் முதலில் பதிந்தவர் முன்னால். பெரிய மேதாவி நான்.

அன்று காலை ஒரு சிறுநீரகம் வந்தது. பட்டியலில் முதல் ஆள் என் அத்தான். அக்கா போனில் அழுதாள். "கடவுள் கண்ணத் தொறந்துட்டார்டா."

பதினொரு மணிக்குப் பட்டியலைக் கவனிக்கும் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"ரெண்டாவதா ஒரு தையல்காரம்மா இருக்காங்க. ரத்தம் பொருந்துது, நிலைமையும் உங்க அத்தான் மாதிரியேதான். ஆனா ரெண்டரை வருஷம் முன்னாடியே பதிஞ்சிருக்காங்களே? பாத்துச் சொல்லுங்க. பத்து நிமிஷத்துல உங்க அத்தான ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோறாங்க."

திறந்து பார்த்தேன். தேதியைத் தேதியாக மாற்றாமல் வெறும் எழுத்தாகவே ஒப்பிட்டிருந்தேன். எழுத்தென்றால் பைத்தான் இடப்பக்கத்திலிருந்து பார்க்கும். முதல் எழுத்திலேயே முடிவு தெரிந்துவிட்டால் வருடம் வரை போகாது. அத்தான் 02-11-2021. தையல்காரம்மா 28-03-2019. 28-இன் இரண்டைவிட 02-இன் சைபர் சின்னது, அவ்வளவுதான். மாதத் தொடக்கத்தில் பதிந்தவர்களெல்லாம் முந்திக்கொண்டிருக்கிறார்கள். பாழாய்ப்போன நிரல் ஒரு பிழைச்செய்திகூடக் காட்டவில்லை. எப்படிக் காட்டும்? நான் சொன்னதைத்தானே செய்தது.

அக்காவின் முகம்தான் கண்முன் நின்றது.

"என்ன தம்பி, சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு மேடம். நிலைமைல சின்ன வித்தியாசம் இருக்கு," என்றேன். பச்சைப் பொய். என் நாக்கு அழுகாதா?

அத்தானை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகு திருத்தினேன். இரண்டே வரி. தையல்காரம்மா முதலிடத்துக்கு வந்தார். பதினேழு நாள் அங்கேயே இருந்தார். வேறு சிறுநீரகம் வரவில்லை.

பதினெட்டாம் நாள் அவர் மகள் போன் செய்தாள்.

"அம்மா பேர எடுத்துடுங்க சார். அடுத்தவங்களுக்காவது சீக்கிரம் கெடைக்கட்டும்."

"சரிம்மா," என்றேன். எடுத்தேன்.