பால்சுறாக் குட்டிகள் இருக்கும் இடம்

பாசிர் பாஞ்சாங் கரைக்கு எதிரே ஒரு கடற்புல் திட்டு உண்டு. நீர் வற்றினால் அங்கே மார்பளவு ஆழம்தான். 1961 மார்ச்சில் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு அதில் மூழ்கினேன். முழங்கை நீளம்கூட இல்லாத பால்சுறாக் குட்டிகள் என்னைச் சுற்றி வந்தன. ஒன்று என் கையருகே வந்து, சற்று நின்று, விலகியது. அறுபது வரை எண்ணினேன்.

விலங்கியல் பட்டம் வாங்கி, கடல் ஆய்வு அலுவலகம் ஒன்றில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பால்சுறா முட்டையிடுவதில்லை. வயிற்றில் சுமந்து நாலைந்து குட்டி போடும். அவை ஆழத்துக்குப் போகும்வரை, இரண்டு மாதம், அந்தத் திட்டில் யாரும் வலை போடாமல் இருந்தால் போதும். அதை மீன்காரர்களிடம் எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

என் அக்காள் கதீஜாவின் கணவர் அப்துல் முத்தலிப் தேக்கா மார்க்கெட்டில் மீன்கடை வைத்திருந்தார். ஃபேரர் பார்க் அருகே ஒரு சங்கக் கட்டடத்தில் அவரே ஆட்களைக் கூட்டினார். கடைக்காரர்களும் வலைக்காரர்களுமாக முப்பது பேர் வந்தார்கள். எழுந்து நின்றேன். குரல் வரவில்லை. கொண்டுபோன வரைபடத்தைச் சுவரில் மாட்டினேன். குட்டிகள் எந்தப் பக்கம் எத்தனை, நீர் ஏறும்போது எங்கே ஒதுங்குகின்றன என்று சிவப்பு மையில் குறித்திருந்தேன். இங்கே வலை போட வேண்டாம் என்று கீழே தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தேன். ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் நெருங்கி நின்று வெகுநேரம் பார்த்தார்கள். ஒருவர் சிகரெட் பெட்டியின் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார். அவர்களுடைய அக்கறை எனக்கு ஆறுதலாக இருந்தது.

கதீஜா ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்து அப்போது பத்து நாள். பால் போதவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் வீடுகளில் தவறாத வழக்கம். அதற்குப் பால்சுறாதான் வேண்டும், குட்டியானால் இன்னும் நல்லது என்பார்கள். எந்த மீனைத் தின்றாலும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ ஒண்ணு பெத்துட்டு வந்து பாடம் எடு, பது," என்றாள் ராத்தா. அவள் மடியில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

நான்காம் நாள் காலை மச்சான் கூடையோடு வந்தார். இலையை விலக்கிக் காட்டினார். எல்லாம் குட்டிகள்.

"உன் மேப்பு பொய் சொல்லல லா," என்றார். "சிவப்பு போட்ட இடத்துல வலைய இறக்கியிருக்காங்க. ரெண்டே இழுப்பு. தேக்கா முழுக்க இன்னிக்கு உன் குட்டிங்கதான்."

"வலை போடாதீங்கன்னு எழுதியிருந்தேனே, மச்சான்."

"எழுதியிருந்தே. பச்சப்புள்ள பாலுக்கு அழுவுது. நான் அதைப் பாக்கவா, உன் எழுத்தைப் பாக்கவா?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். 

அன்று வீட்டில் எல்லோருக்கும் புட்டு. உம்மா என் தட்டிலும் வைத்தார். தின்றேன். மூன்று நாளில் பிள்ளையின் அழுகை அடங்கியது. புட்டினாலா, நாள் ஆனதாலா என்று எனக்குத் தெரியாது.

மறு வாரம் அதே திட்டில் இரண்டு மணி நேரம் மூழ்கித் தேடினேன். வலை இழுத்த தடத்தில் புல் வேரோடு பெயர்ந்து கிடந்தது. குட்டி ஒன்றுகூட இல்லை.

ஏப்ரலில் கிழக்குப் பக்கம் வேறொரு திட்டைப் பார்த்துவரச் சொன்னார் மேலதிகாரி. முதல் வரைபடம் மக்களுக்கு நன்றாகப் புரிந்ததாம், இன்னொன்று போட வேண்டுமாம். போனேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. குட்டிகள் என் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாகக் கடந்தன. நாற்பத்தொன்று எண்ணினேன்.

படகில் ஏறிக் கையைத் துடைத்துக்கொண்டேன். பதிவுத்தாளில், பால்சுறா எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.